லேபிள் 1938, முத்திரை 1940: ஜெர்மன் அதிகாரி கோட்டில் தையல்காரர் கைவைத்த இடங்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் தரைப்படை அதிகாரியின் கோட்டு ஒன்று. அடர்பச்சைக் காலர், கை நுனியில் மடித்துவிட்ட கஃப், உள்பாக்கெட்டில் 1938 என்ற தேதியும் ஓர் அதிகாரியின் பெயரும் மையில் எழுதிய தையல்கடை லேபிள். ஆனால் லைனிங்கில் 'எம் 40' என்ற முத்திரையும் 43, 41, 94, 70, 62 என்ற ஐந்து எண்களும் இருக்கின்றன. கையை அளந்தால் 59 செ.மீ.தான் வருகிறது. இது அந்தக் காலத்திலேயே திருத்தித் தைத்ததா, பின்னால் யாரோ ஒட்டுப்போட்டு விற்றதா?

லேபிளும் முத்திரையும் ஒரே கோட்டுக்கு உரியவை அல்ல. 1940இல் தயாரான துணியில் 1938 லேபிள் இருக்க வழியில்லை. அதனால் லேபிள் வேறு கோட்டிலிருந்து வந்திருக்கிறது. அதற்காகக் கோட்டே போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். லேபிளை ஒதுக்கிவிட்டுத் தையலைப் பாருங்கள். எந்தத் தையல் முதலில் விழுந்தது, எது அதன் மேல் வந்தது என்ற வரிசை தெரிந்தால் மாற்றம் எந்தக் காலத்தது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அந்த ஐந்து எண்களிலிருந்து தொடங்கலாம். ஜெர்மன் ராணுவ அதிகாரி தன் சீருடையைச் சொந்தச் செலவில், உடுப்புப்படி வாங்கிக்கொண்டு, தையல்கடையில் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வதே வழக்கம். அப்படித் தைத்த கோட்டில் கிடங்கு முத்திரை இருக்காது. சிப்பாய்க்குக் கிடங்கிலிருந்து கொடுத்த கோட்டில்தான் அது இருக்கும். எழுத்து கிடங்கு இருந்த ஊரைக் குறிக்கும்: எம் என்றால் மியூனிக், பி என்றால் பெர்லின், இ என்றால் எர்ஃபுர்ட். பக்கத்தில் இருப்பது ஆண்டு. ஐந்து எண்களில் மேலே இடப்பக்கம் முதுகு நீளம், மேலே வலப்பக்கம் கழுத்து, நடுவில் மார்பு, கீழே இடப்பக்கம் மொத்த நீளம், கீழே வலப்பக்கம் கை நீளம், எல்லாம் சென்டிமீட்டரில். ஆக உங்களிடம் இருப்பது 1940இல் மியூனிக் கிடங்கு வழியாக வந்த சிப்பாய்க் கோட்டு.

அது அதிகாரியின் உடம்புக்கு வந்ததில் அதிசயம் இல்லை. 1939 அக்டோபர் இறுதியில், களத்தில் இருக்கும் படைப்பிரிவுகளின் அதிகாரிகள் சிப்பாய்க் கோட்டையே அணிய வேண்டும் என்று ஆணை வந்தது. தூரத்திலிருந்து அதிகாரியை அடையாளம் கண்டு சுட்டுவிடக் கூடாது என்பதே நோக்கம். பலர் அந்தக் கோட்டை வாங்கித் தையல்காரரிடம் கொடுத்து, காலரையும் கஃபையும் மாற்றி மறுபடி அதிகாரிக் கோட்டாக்கிக்கொண்டார்கள். ஆணையின் நோக்கம் தையல் மெஷினுக்கு அடியில் போனது. அப்படித் திருத்திய கோட்டுகள் இன்றும் ஏராளம். போலி செய்பவர்களுக்கு வசதியான மறைவிடமும் அவைதான்.

அளவு ஒப்பீட்டை எப்போதும் முதலில் செய்யுங்கள். கோட்டை மேசையில் பொத்தான் போட்டு விரித்து, இழுக்காமல் அளக்க வேண்டும். முதுகு நீளம், மொத்த நீளம், கை நீளம் ஆகிய மூன்றும் முத்திரையோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். மார்பு எண் ஆளின் அளவு. கோட்டு அதைவிடப் பல செ.மீ. தாராளமாக இருக்கும். அதனால் 94க்கு 104 வந்தால் பதற வேண்டாம். 94க்கு 95 வந்தால்தான் பிடித்துத் தைத்திருக்கிறார்கள் என்று பொருள். எல்லா அளவும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் கம்பளி தண்ணீரில் சுருங்கியிருக்கிறது. ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அங்கே கத்தரி போயிருக்கிறது. உங்கள் கோட்டில் கை மட்டும் 3 செ.மீ. குறைகிறது. கஃப் வைத்த தையல்காரர் அதை உள்ளே மடித்தாரா, வெட்டினாரா என்பதே அடுத்த கேள்வி.

சிப்பாய்க் கோட்டின் கை வெறுமையானது. நுனியில் ஒரு பிளவும், இறுக்கிக்கொள்ளச் சிறு பொத்தானும் உண்டு. மடிப்புக் கஃபைக் கீழே தள்ளி அடியில் பாருங்கள். பழைய பிளவை மூடித் தைத்த கோடும், பயனற்றுப் போன காஜாவும் அங்கே இருந்தால் சிப்பாய்க் கையின் மேல் கஃப் ஏற்றப்பட்டது உறுதி. கஃபுக்கு அடியில் இருக்கும் துணியின் நிறம் இன்னும் முக்கியம். 1940இலோ 1941இலோ வைத்த கஃப் என்றால், அடியில் இருக்கும் துணி கையின் மற்ற பகுதியைவிடப் புதிதாக, ரோமம் தேயாமல், நிறம் வெளுக்காமல் இருக்கும். முப்பது நாற்பது ஆண்டு வெயிலும் உராய்வும் பட்ட பிறகு வைத்திருந்தால் அடியிலும் வெளியிலும் துணி ஒரே மாதிரி தேய்ந்திருக்கும். இந்தச் சோதனையை ஏமாற்றுவது கடினம்.

கஃப் துணி எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். சிப்பாய்க் கோட்டின் கம்பளி முரட்டு வகை. அதிகாரிகள் வாங்கிய டிரிகாட், கேபர்டின் வகைகள் நெருக்கமான, மென்மையான நெசவு. தையல்காரருக்கு அதே முரட்டுத் துணி கிடைக்காவிட்டால் தன்னிடம் இருந்த மென்துணியைப் போட்டிருப்பார். இரு வகைத் துணி கலந்திருப்பது போலிக்கான அடையாளம் அல்ல. பெரும்பாலும் நேர்மையான திருத்தத்தின் அடையாளம். நிறம், நெசவு, தேய்மானம் மூன்றும் கச்சிதமாகப் பொருந்தும் கஃபைத்தான் இரண்டு முறை பார்க்க வேண்டும். அது இன்னொரு சிப்பாய்க் கோட்டை அறுத்து எடுத்ததாக இருக்கலாம்.

காலருக்கு வருவோம். 1936 மாதிரிச் சிப்பாய்க் கோட்டுக்கு அடர்பச்சைக் காலர். 1940 மாதிரியில் காலரும் கோட்டின் சாம்பல்பச்சை நிறத்துக்கே மாறிவிட்டது. 1941இல் ஐந்து பொத்தான் ஆறாயிற்று. 1942இல் பாக்கெட்டின் பிளீட் (நடுமடிப்பு) போயிற்று. 1943இல் பாக்கெட் மூடியின் வளைவும் போய் நேர்க்கோடானது. கிடங்கில் பழைய சரக்கு தீரும்வரை கொடுத்தார்கள் என்பதால் 1940 முத்திரையுள்ள கோட்டில் ஆலையிலேயே வைத்த பச்சைக் காலரும் இருக்க முடியும். ஆலைக் காலரா, தையல்கடைக் காலரா என்பதைக் காலரைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தால் அறியலாம். ஆலைக் காலரின் அடியில் மெஷின் ஜிக்ஜாக் தையல் வரிவரியாக ஓடும். தையல்கடைக் காலரின் அடியில் கேன்வாஸைத் துணியோடு பிடித்துவைத்த கைத்தையல் இருக்கும். துணியின் மேல் பொடிப்பொடிக் குழிகளாகத் தெரியும். பழைய சாம்பல் காலரின் மேலேயே பச்சைத் துணியைப் போர்த்தியிருந்தால் விளிம்பு தடிமனாக இருக்கும், முனை மழுங்கும், அடியில் பழைய ஜிக்ஜாக் அப்படியே நிற்கும். புதிதாக வெட்டி வைத்தது என்றால் முனை நீண்டு கூராக இருக்கும். அதிகாரிகள் விரும்பியது அதைத்தான். கழுத்துத் தையலின் ஓரத்தை லென்ஸில் பாருங்கள். பழைய மெஷின் தையலின் துளைகள் புதுத் தையலுக்கு ஒரு மில்லிமீட்டர் மேலோ கீழோ காலியாக நின்றால், காலர் ஒருமுறை கழற்றப்பட்டிருக்கிறது.

சிப்பாய்க் கோட்டை அதிகாரிக் கோட்டாக்கும்போது தையல்காரர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டது இடுப்பிலுள்ள கண் துளைகளை. பெல்ட்டைத் தாங்கும் கொக்கிகளுக்காக 1936 மாதிரிக் கோட்டில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு இடங்களில், ஒவ்வொன்றிலும் மூன்று துளைகள், நூல் சுற்றி இருக்கும். தையல்கடையில் தைத்த அதிகாரிக் கோட்டில் இவை வழக்கமாக இருக்காது. சிலர் அவற்றை மூடித் தைத்தார்கள், பலர் அப்படியே விட்டார்கள். விற்பவர் 'முழுக்கத் தையல்கடையில் தைத்தது' என்று சொல்லி, இடுப்பில் மூடிய துளை தென்பட்டால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

பதவியைக் காட்டும் தோள்பட்டைப் பட்டயம் இரண்டு வகை. ஒன்று தோளும் கையும் சேரும் தையலுக்குள் செருகித் தைத்தது. மற்றது நூல் வளையத்தில் நுழைத்துப் பொத்தானில் மாட்டிக் கழற்றக்கூடியது. லெஃப்டினண்டுக்கு நட்சத்திரம் இல்லை, ஓபர்லெஃப்டினண்டுக்கு ஒன்று, ஹாப்ட்மனுக்கு (கேப்டன்) இரண்டு. இந்த மூன்று பதவிக்கும் கயிறுகள் நேராக ஓடும். மேஜரிலிருந்து பின்னல் கயிறு. ஆகவே ஹாப்ட்மன் மேஜராகும்போது தைத்த பட்டயத்தை மாற்றக் கையின் மேல் தையலையே பிரிக்க வேண்டும். பிரித்த இடத்தில் மெஷின் தையலுக்குப் பதில் கைத்தையல் நிற்கும், லைனிங் ஓரமும் மறுபடி எம்மிங் செய்திருக்கும். அந்த மடிப்புக்குள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் பழைய பட்டயத்தின் அடித்துணி இழைகள் சிக்கியிருக்கலாம். அடித்துணியின் நிறம் படைப்பிரிவைச் சொல்லும்: காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப்படைக்குச் சிவப்பு, டாங்கிப்படைக்கு ரோஜா, குதிரைப்படைக்குப் பொன்மஞ்சள், பொறியாளர்களுக்குக் கறுப்பு. மேலே வெள்ளைப் பட்டயம், தையலுக்குள் சிவப்பு இழை என்றால் ஆள் பிரிவு மாறினார், அல்லது பட்டயம் ஆள் மாறியது. எது என்பதை நூலின் வயதை வைத்துத்தான் சொல்ல முடியும். பட்டயத்தில் நட்சத்திரத்துக்கு வெளியே காலித் துளை இருந்தால் கூடுதல் கவனம். பதவி உயர்வில் நட்சத்திரம் கூடுமே தவிர, மேஜர் நிலையை எட்டாத வரை குறையாது.

மார்பில் தைத்த கழுகுச் சின்னம் எல்லாருக்கும் தெரிந்த இடம், அதனால்தான் அதிகம் ஏமாற்றப்படும் இடமும் அதுதான். ஆலையில் கழுகை லைனிங்கும் பாக்கெட் பையும் வைப்பதற்கு முன்பே மெஷினில் தைத்துவிடுவார்கள். தையல் பின்னால் உள்ளே தெரியாது. அதிகாரிக்கு அலுமினிய இழையில் கையால் பின்னிய கழுகை மாற்றியபோது தையல்காரர் விளிம்பைச் சுற்றிச் சிறு கைத்தையல் போட்டார். தேர்ந்தவர் மேல் துணியை மட்டும் பிடிப்பார். அவசரக்காரர் லைனிங் வரை குத்திவிடுவார், பாக்கெட் பையைக்கூடச் சேர்த்துப் பிடித்துவிடுவார். உள்ளே குத்திய தையல் இருந்தால் கழுகு பிற்பாடு வந்தது என்று மட்டும் பொருள். 1941இலா 1981இலா என்பது வேறு கேள்வி. பழைய கழுகின் ஜிக்ஜாக் துளைகள் புதுக் கழுகின் வெளியே எங்காவது எட்டிப்பார்க்கின்றனவா என்று சாய்வெளிச்சத்தில் தேடுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் துணிக்குக் கிட்டத்தட்டப் படுக்கை நிலையில் பிடித்தால் துளையும் தேய்ந்த ரோமமும் மேடுபள்ளமாக எழும்.

போருக்குப் பின் ஜெர்மனியில் துணிப் பஞ்சம். சின்னங்களைப் பிய்த்து, பலர் சாயம் போட்டு, அந்தக் கோட்டுகளையே சாதாரண உடையாகப் போட்டார்கள். அதனால் கழுகு இல்லாத அசல் கோட்டுகள் நிறைய. பின்னாளில் கழுகைத் 'திருப்பி வைத்தவை' அதைவிட நிறைய. கழுகின் நிழல் போல வெளுக்காத வடிவம் துணியில் இருந்தால் நல்லதே. ஆனால் அட்டையை வெட்டி வைத்து வெயிலில் காயப்போட்டால் அந்த நிழல் யாருக்கும் கிடைக்கும். நிழலோடு அதன் ஓரத்தைப் பின்தொடரும் ஊசித் துளைகளும் இருந்தால் மட்டும் நம்புங்கள். சாயம் போட்டதா என்பதைத் தையல் மடிப்பின் ஆழத்தில் பாருங்கள். சாயம் அங்கே முழுதாக ஏறாது. பருத்தி நூலும் கம்பளியும் சாயத்தை வேறு வேறாகப் பிடிப்பதால் தையல் கோடு மட்டும் வேறு நிறத்தில் பளிச்சிடும்.

நூலுக்கான சோதனை: 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், இருட்டறை. போருக்குப் பிந்தைய பல நூல்களில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருப்பதால் நீலவெள்ளையாக ஒளிரும். ஒரு தையல் வரிசை மட்டும் ஒளிர்ந்து மற்றவை ஒளிராவிட்டால் அந்த வரிசை பிற்காலத்தது. கோட்டு முழுக்க மங்கலாக ஒளிர்ந்தால் யாரோ சோப்புத்தூளில் துவைத்திருக்கிறார்கள். இந்தச் சோதனை அதற்குப் பிறகு உதவாது. ஒளிராத நூல் எல்லாம் பழையது என்பதும் தவறு. ஒளிராத புதுப் பருத்தி நூல் இன்றும் கடையில் கிடைக்கும், போலி செய்பவருக்கும் அது தெரியும். சந்தேகம் நீடித்தால், தொங்கும் நூல் நுனி மூன்று நான்கு மில்லிமீட்டரை வெட்டி, இடுக்கியில் பிடித்து, கோட்டிலிருந்து தள்ளி வைத்துக் கொளுத்துங்கள். பருத்தியும் ரேயானும் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் வாசனை தரும். பாலியெஸ்டர் உருகி உருண்டு கடினமான மணியாகும். பாலியெஸ்டர் 1941இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது, துணிச் சந்தைக்கு வந்தது போருக்குப் பிறகு. ஆகவே பாலியெஸ்டர் நூல் போர்க்காலத் திருத்தத்தில் இருக்க முடியாது. ஒரு பொத்தானில் மட்டும் இருந்தால் யாரோ பொத்தான் மாற்றினார்கள், அவ்வளவுதான்.

உடம்பு பெருத்ததும் இளைத்ததும் தையலில் பதிவாகும். தையல்காரர்கள் முதுகுத் தையலிலும் பக்கத் தையலிலும் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பார்கள். பிரித்துவிட்ட இடத்தில் பழைய தையல் கோடு ஒரு பள்ளமாக, அழுக்குக் கோடாக வெளியே தெரியும். உள்ளே ஒளிந்திருந்த துணி பட்டையாக அடர்நிறம் காட்டும். ஒவ்வொரு தையலிலும் இரு பக்கமும் 1 செ.மீ. விட்டால், முதுகும் இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தம் 6 செ.மீ. கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பொத்தானை நகர்த்துவார்கள். பொத்தான் இருந்த பழைய இடத்தில் நான்கைந்து நூல் துளையும், உலோகம் உரசிய கருஞ்சாம்பல் வட்டமும் இருக்கும். இந்தச் சலிப்பான திருத்தங்களை யாரும் போலி செய்வதில்லை. அதனாலேயே சாட்சியாக அவை மதிப்புள்ளவை.

காஜாக்களையும் எண்ணுங்கள். ஐந்து பொத்தான் கோட்டில் ஆறாவதை நுழைத்திருந்தால் இடைவெளி சமமாக இருக்காது, புதுக் காஜாவின் நூல் சுற்றும் மற்றவற்றோடு ஒத்துப்போகாது. இரண்டாவது காஜாவின் ஓரத்தில் நாடா தைத்த தடயம் இருந்தால் இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவையின் நாடா அங்கே இருந்திருக்கலாம். இடது மார்புப் பாக்கெட்டில் மேலும் கீழுமாக இரண்டு நூல் வளையங்கள் என்றால் செங்குத்து ஊசியுள்ள பதக்கம். முதல் வகுப்பு இரும்புச் சிலுவை ஏறக்குறைய 44 மி.மீ. அகலம், வளையங்களின் இடைவெளியோடு பொருத்திப் பார்க்கலாம். வலது பாக்கெட்டில் வளையம் கண்டால் 1941 செப்டம்பரில் ஏற்பட்ட ஜெர்மன் சிலுவை என்று உடனே சொல்லிவிடுவார்கள். 1939இல் ஏற்பட்ட ஸ்பானியச் சிலுவையும் வலப்பக்கம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

இதைவிடப் பெரிய மாற்றங்களும் உண்டு. வாஃபன்ராக் என்ற அலங்காரக் கோட்டு 1935இல் வந்தது: முன்னால் எட்டுப் பொத்தான், பிரிவு நிறத்தில் பைப்பிங் (தையல் ஓரத்தில் எட்டிப்பார்க்கும் மெல்லிய துணி விளிம்பு), கஃபில் வெள்ளிப் பட்டைகள், பின்னால் இருபுறமும் மும்மூன்று பொத்தானுடன் வளைந்த மூடிகள். போரில் அதற்கு வேலை இல்லாமல் போனதால் சிலர் நான்கு பாக்கெட் வைத்து அன்றாடக் கோட்டாக்கினார்கள். எட்டுப் பொத்தானும், கஃபில் பட்டை பிய்த்த துளைகளும், பின்புறம் மூடி இருந்த தடமும் அதைக் காட்டிக்கொடுக்கும். பைப்பிங் எதுவானாலும் ஒரு விதி: அது துணியின் இரு மடிப்புக்கு நடுவே தையலுக்குள் பிறந்ததாக இருக்க வேண்டும். மேலே ஒட்டித் தைத்தது பிற்பாடு வந்தது.

கால்சட்டையில் பார்க்க வேண்டியது லாம்பாஸன், அதாவது காலின் வெளிப்பக்கம் நெடுக ஓடும் நிறப் பட்டைகள். ஜெனரலுக்குப் பளிச்சிவப்பு, ஜெனரல் ஸ்டாஃப் அதிகாரிக்குக் கார்மைன் என்ற கருஞ்சிவப்பு, 4 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டை, நடுவே பைப்பிங். சாதாரணக் கால்சட்டையில் பட்டை ஏற்றினால் விலை பல மடங்காகும் என்பதால் இங்கே கை அதிகம் விளையாடும். பக்கப் பாக்கெட்டின் வாயைப் பாருங்கள். பட்டை பாக்கெட்டின் உள்விளிம்போடு சேர்ந்து திரும்பினால் ஆரம்பத்திலேயே, அல்லது நல்ல தையல்கடையில் பிரித்துத் தைத்தது. வாயில் வந்து வெட்டி மடித்து நின்றால் மேலே ஒட்டியது.

விமானப்படைக் கோட்டில் சார்ஜண்டிலிருந்து அதிகாரியானவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. காலர் விளிம்பில் இருந்த வெள்ளிநாடாவைப் பிய்த்து, அதிகாரியின் முறுக்குக் கயிற்றை வைத்திருப்பார்கள். நாடா இருந்த அகலத்துக்குத் துணி வெளுக்காமல், இரண்டு வரிசைத் துளையோடு நிற்கும்.

போலிக்கு மூலப்பொருளாவது பெரும்பாலும் 1956க்குப் பிந்தைய கிழக்கு ஜெர்மன் ராணுவக் கோட்டு. வெட்டு மிக நெருக்கம். நிறம் கல்சாம்பல் பக்கம் சாயும், லைனிங்கிலும் நூலிலும் செயற்கை இழை இருக்கும், சின்னங்களின் அடியில் துணி தேய்ந்திருக்கும். லைனிங்கைப் பிரிக்காமல் உள்ளே பார்க்க அக்குளில் விட்டுப்போன தையல் வழியாகவோ பாக்கெட் ஓட்டை வழியாகவோ கைபேசியில் மாட்டும் குழாய்க் கேமராவை நுழைக்கலாம். பார்த்து முடிக்கும் வரை துவைக்க வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம், உலர்சலவைக்கும் கொடுக்க வேண்டாம். அழுக்குக் கோடும் பழைய மடிப்புத் தடமும் போனால் சாட்சி போச்சு.

உங்கள் கோட்டுக்கு இப்போது மூன்று வேலை. கஃபைத் தள்ளிப் பிளவும் காஜாவும் மூடியிருக்கின்றனவா, துணி அங்கே தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். காலரின் அடியில் ஜிக்ஜாக்கா கைத்தையலா என்று பாருங்கள். கடைசியாக லேபிளைப் புற ஊதா வெளிச்சத்தில் வையுங்கள். கஃபும் காலரும் தேறி, லேபிளைப் பிடித்திருக்கும் நூல் மட்டும் ஒளிர்ந்தால், கோட்டு 1940க்குப் பின் போர்க்காலத்தில் திருத்தியது, லேபிள் விலை ஏற்ற வந்தது. அப்படியானால் லேபிளில் உள்ள அதிகாரியின் பெயரைக் கோட்டோடு சேர்த்து எழுதி வைக்காதீர்கள்.